மூன்று சிக்மா சரி, எந்தச் சிக்மா? பகுப்பாய்வுக் கூடங்களின் கட்டுப்பாட்டு வரம்புகள்

ரத்தத்தில் சர்க்கரை, குடிநீரில் ஈயம், மிளகாய்த்தூளில் பூச்சிக்கொல்லி எச்சம் என எதை அளந்தாலும், ஒரு பகுப்பாய்வுக் கூடம் தான் தரும் எண்ணை எந்த அடிப்படையில் நம்புகிறது? உண்மை அளவு தெரியாத மாதிரிகளோடு, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளையும் சேர்த்து ஓட்டுவதே உலகெங்கும் உள்ள வழக்கம். அதைக் கட்டுப்பாட்டு மாதிரி என்பார்கள். ஆய்வகப் பேச்சில் ‘கண்ட்ரோல்’ அல்லது ‘கியூசி’. அதன் முடிவு நாள்தோறும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறும். நடுவே சராசரிக் கோடு, மேலும் கீழும் வரம்புக் கோடுகள். புள்ளி வரம்புக்குள் இருந்தால் அன்றைய முடிவுகள் கையெழுத்தாகும். தாண்டினால் நிறுத்தி வைக்கப்படும். ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவு மாறுவதும், ஒரு கொள்கலன் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படுவதும் அந்தக் கோடு எங்கே போடப்பட்டது என்பதோடு சம்பந்தப்பட்டவை.

கோட்டை எங்கே போடுவது என்ற கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் பல பதில்கள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பகுதி பெருக்கெண்ணைப் பற்றியவை: சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத் (சிக்மா) தொலைவா, மூன்றா? இரண்டையும் கலந்த விதிகளா? இந்த விவாதம் தேவையற்றது அல்ல. ஆனால் கிடைத்துள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆய்வகங்களில் வரம்புகள் தவறிப்போவதற்குப் பெருக்கெண் காரணமாக இருப்பது குறைவு. பெருக்கப்படும் திட்டவிலக்கம் எந்த மாறுபாட்டை, எத்தனை நாள் தரவிலிருந்து, எவற்றை விலக்கியபின் அளந்தது என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தங்கியிருக்கின்றன. முக்கிய நிலைப்பாடுகளை அவை தோன்றிய இடத்தோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

தொழிற்சாலையில் பிறந்த கோடு

அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட், 1924 மே மாதத்தில் தம் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து காட்டினார். 1931-இல் வெளிவந்த அவரது நூல் அதை முழுக் கோட்பாடாக விரித்தது. எந்த உற்பத்தியிலும் இருவகை மாறுபாடு உண்டு என்பது அவர் கருத்து. ஒன்று, அமைப்பிலேயே ஊறியிருக்கும் சில்லறைக் காரணங்களால் வருவது. மற்றது, தேடினால் கண்டுபிடித்து நீக்கக்கூடிய குறிப்பிட்ட காரணத்தால் வருவது. எப்போது தேடப் புறப்படுவது, எப்போது சும்மா விடுவது என்பதைச் சொல்லும் கருவிதான் வரம்புக் கோடு. வீணாகத் தேடுவதற்கும் செலவு உண்டு, தேடாமல் விடுவதற்கும் செலவு உண்டு. இரண்டையும் எடைபோட்டு, அனுபவத்தில் பொருளாதார ரீதியாக ஏற்கத்தக்கதாகத் தோன்றிய மூன்று சிக்மாவை ஷூஹார்ட் தேர்ந்தார். இயல்நிலைப் பரவலின் அட்டவணையிலிருந்து வருவிக்கப்பட்ட எண் என்று அவர் அதை முன்வைக்கவில்லை.

பிரிட்டனில் பாதை வேறாகப் போயிற்று. ஈகன் பியர்சன் 1935-இல் எழுதிய பிரிட்டிஷ் தர ஆவணத்தைத் தொடர்ந்து வளர்ந்த மரபு, வரம்பை நிகழ்தகவாகவே வரையறுத்தது. ஒவ்வொரு பக்கமும் 40-இல் ஒன்று என்ற வாய்ப்புக்கு எச்சரிக்கைக் கோடு, 1000-இல் ஒன்று என்ற வாய்ப்புக்கு நடவடிக்கைக் கோடு. கணக்கிட்டால் முன்னது 1.96 சிக்மா, பின்னது 3.09 சிக்மா. எண்ணளவில் அமெரிக்க வழக்கத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகச் சிறியது; கருத்தளவில் பெரியது. பியர்சன் வழியில் வரம்பு ஒரு கருதுகோள் சோதனை. ஷூஹார்ட் வழியில், பின்னர் எட்வர்ட்ஸ் டெமிங் அழுத்திச் சொன்னதுபோல, அது சோதனையல்ல; செயல்படுவதற்கான ஒரு விதி. இந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை என்பதை 2000-ஆம் ஆண்டில் வில்லியம் வுடால் எழுதிய மதிப்பாய்வு விரிவாகக் காட்டியது.

இரு தரப்பிலும் வலுவும் உண்டு, குறையும் உண்டு. மூன்று சிக்மாவுக்கு வெளியே 0.27 சதவீதப் புள்ளிகள் விழும், சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை வரும் என்ற புகழ்பெற்ற கணக்கு மூன்று நிபந்தனைகளின்மேல் நிற்கிறது: பரவல் இயல்நிலையானது, உண்மைத் திட்டவிலக்கம் தெரியும், புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை. எந்தப் பரவலுக்கும் பொருந்தும் செபிஷெவ் சமனிலி இதே எல்லைக்கு வெளியே 11 சதவீதம்வரை விழலாம் என்று மட்டுமே உறுதி தருகிறது. நடைமுறைப் பரவல்கள் அவ்வளவு மோசமாக நடந்துகொள்வதில்லை என்பது ஷூஹார்ட் தரப்பின் பதில்; பெரும்பாலும் சரியான பதிலும்கூட. ஆனால் நிகழ்தகவே வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிவிட்டால், இரண்டு வரம்பு விதிகளில் எது மேல் என்று ஒப்பிட அளவுகோலே இல்லாமல் போகிறது. எனவே ஒரு விதியை வடிவமைக்கும்போது நிகழ்தகவைப் பயன்படுத்தலாம், ஒரு தனிப் புள்ளியைப் படிக்கும்போது அதை வேதவாக்காக எடுக்கக் கூடாது என்ற நடுவழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. பகுப்பாய்வு வேதியியலில் மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளில் அதிகம் மீறப்படுவது இயல்நிலை அல்ல, மற்ற இரண்டும்தான்.

ஆய்வகத்துக்கு வந்தபோது நழுவிய ஒன்று

தொழிற்சாலையில் ஷூஹார்ட் வரைபடத்தின் உயிர் சிறுகுழுவில் இருந்தது. ஒரே நேரத்தில் செய்த நான்கைந்து பொருள்களை எடுத்து, அவற்றுக்குள் இருக்கும் வீச்சைக் கொண்டு திட்டவிலக்கத்தை மதிப்பிட்டு, குழுக்களின் சராசரிக்கு வரம்பு போடுவார்கள். குழுவுக்குள் இருப்பது மட்டுமே இயல்பான மாறுபாடு என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. ஓர் எந்திரத்திலிருந்து அடுத்தடுத்து விழும் திருகுகளுக்கு அது பொருந்தலாம். வேதியியல் அளவீட்டுக்குப் பொருந்தாது என்பதற்கான சான்று, ஆய்வகங்கள் வரைபடங்களை ஏற்பதற்கு முன்பே அச்சேறிவிட்டது. டப்ளின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றி, ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட், 1927-இல் வழக்கமான பகுப்பாய்வுகளின் பிழைகள் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்தடுத்துச் செய்யப்படும் பகுப்பாய்வுகள், நாள் இடைவெளி விட்டுச் செய்யப்படுபவற்றைவிட ஒன்றோடொன்று நெருக்கமாக இருக்கின்றன என்பதே அதன் மையச் செய்தி. அன்றைய கரைசல், அன்றைய வெப்பநிலை, அன்றைய கை எல்லாம் சேர்ந்து அன்றைய முடிவுகள் அனைத்தையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. ஆகவே ஒரே வேளையில் எடுத்த இரட்டை அளவீடு எவ்வளவு ஒத்துப்போனாலும் அது முறையின் உண்மையான பிழையைக் காட்டாது.

இதன் விளைவை எண்களில் பார்க்கலாம். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் உள்ள ஒரு கட்டுப்பாட்டு நீர் மாதிரியை நாள்தோறும் இரண்டு முறை அளந்து சராசரியைக் குறிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஓட்டத்துக்குள் திட்டவிலக்கம் 1.0 மைக்ரோகிராம்; நாளுக்கு நாள் வரும் கூடுதல் விலக்கம் 1.5. பாடநூல் முறைப்படி இரட்டைகளின் வீச்சிலிருந்து வரம்பு போட்டால், சராசரியின் இருபுறமும் ஏறத்தாழ 2.1 மைக்ரோகிராம் வரும். ஆனால் நாட்சராசரிகளின் உண்மைத் திட்டவிலக்கம் 1.66. அதாவது, மூன்று சிக்மா என்று எழுதிவைத்த கோடு உண்மையில் 1.3 சிக்மாவில் நிற்கிறது. எந்தக் கோளாறும் இல்லாமலே ஐந்தில் ஒரு நாள் எச்சரிக்கை அடிக்கும். சரியான வரம்பு இருபுறமும் 5 மைக்ரோகிராம் அளவில் இருக்க வேண்டும். இங்கே பெருக்கெண் மூன்றா, 3.09-ஆ என்று வாதிட்டு என்ன பயன்?

வரைபடம் ஆய்வகத்துக்குள் நுழைந்த வரலாற்றில் இந்தச் சிக்கலின் தடம் தெரிகிறது. ஈஸ்ட்மன் கோடக்கைச் சேர்ந்த கிராண்ட் வெர்னிமான்ட் 1946-இல் பகுப்பாய்வுக் கூடத்தில் கட்டுப்பாட்டு வரைபடங்களைப் பயன்படுத்தும் முறையை எழுதினார். அடுத்த ஆண்டே பெல்க், சண்டர்மன் இருவரும் பென்சில்வேனியாவின் மருத்துவ ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரிகளை அனுப்பிப் பெற்று வெளியிட்ட முடிவுகள், ஏற்கவே முடியாத அளவுக்குச் சிதறிக் கிடந்தன. அந்த அதிர்ச்சியின் பின்னணியில் 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் இரட்டை அளவீடுகளின் சராசரியையும் வீச்சையும் வரைபடமாக்கினர். 1952-இல் ஹென்றியும் செகலோவும் ஒற்றை அளவீடுகளையே நேரடியாகக் குறித்து, நாட்களுக்கிடையே கிடைத்த திட்டவிலக்கத்தைக் கொண்டு வரம்பு போடும் எளிய வடிவத்துக்கு வந்தனர். இன்று எல்லாப் பரிசோதனைக் கூடங்களிலும் லீவி–ஜென்னிங்ஸ் வரைபடம் என்ற பெயரில் தொங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவமே. எளிமைக்காக நடந்த மாற்றம் என்று இதைச் சொல்வார்கள். நாளுக்கு நாள் வரும் மாறுபாடு தானாகவே வரம்புக்குள் சேர்ந்துவிட்டது என்பதுதான் இதன் பெரிய பயன். மைக்கேல் தாம்சன், ரோஜர் வுட் ஆகியோர் தொகுத்து 1995-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள், ஓட்டத்துக்குள் வரும் மாறுபாட்டையும் ஓட்டங்களுக்கிடையே வரும் மாறுபாட்டையும் சேர்த்தே வரம்பைக் கணக்கிட வேண்டும் என்பதை வெளிப்படையாக வைத்தன.

இரண்டா, மூன்றா: ஒரு நீண்ட பூசல்

மருத்துவ ஆய்வகங்கள் நெடுங்காலம் இரண்டு சிக்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தன. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கெடுபிடி அதிகமாக இருப்பதே நல்லது என்பது அதன் நியாயம். ஆனால் கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. ஒரு கட்டுப்பாட்டு மாதிரிக்கு 4.6 சதவீதம் பொய் எச்சரிக்கை. ஓர் ஓட்டத்தில் இரண்டு செறிவு நிலைகளில் கட்டுப்பாட்டு மாதிரி வைத்தால் 9 சதவீதம். மூன்று வைத்தால் 13. நாள்தோறும் இப்படி அடிக்கும் மணிக்கு மனிதர்கள் எப்படிப் பழகிக்கொள்வார்கள் என்பது தெரிந்ததே. கண்ட்ரோல் தாண்டியதும் அதையே திரும்ப ஓட்டுவார்கள், உள்ளே வந்தால் முடிவுகளை வெளியிடுவார்கள். முறை உண்மையிலேயே இரண்டு சிக்மா தொலைவு நகர்ந்துவிட்ட ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முதல் அளவீடு வரம்புக்குள் விழ வாய்ப்பு பாதி. ஒருமுறை திரும்ப ஓட்ட அனுமதித்தால் முடிவுகள் வெளியேறும் வாய்ப்பு முக்கால். இருமுறை அனுமதித்தால் எட்டில் ஏழு. கெடுபிடியான கோடும் தளர்வான பழக்கமும் சேர்ந்து, கோடே இல்லாத நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகின்றன.

மூன்று சிக்மாவைத் தனியே நம்பினால் வேறொரு குறை. பொய் எச்சரிக்கை அரிது. ஆனால் ஒரு சிக்மா அளவுக்கு நகர்ந்த முறையைப் பிடிக்கச் சராசரியாக 44 புள்ளிகள் ஆகும். இந்த இடைவெளியை நிரப்பவே பல உத்திகள் வந்தன. 1954-இல் பேஜ் அறிமுகப்படுத்திய திரள்கூட்டல் வரைபடம் பழைய விலக்கங்களை மறக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது. வழக்கமான அமைப்பில் அது ஏறத்தாழ 465 புள்ளிகளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை தருகிறது. அதே ஒரு சிக்மா நகர்வைப் பத்துப் புள்ளிகளில் பிடித்துவிடுகிறது. 1959-இல் ராபர்ட்ஸ் முன்வைத்த எடையிட்ட நகரும் சராசரியும் இதே குணம் கொண்டது. 1981-இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் உடனாளர்களும் வெளியிட்ட பல்விதி முறை வேறு வழியில் சென்றது. இரண்டு சிக்மாவைத் தாண்டுவது எச்சரிக்கை மட்டுமே. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் இரண்டு சிக்மாவைத் தாண்டினாலோ, நான்கு புள்ளிகள் ஒரே பக்கம் ஒரு சிக்மாவைத் தாண்டினாலோ, பத்துப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கம் நின்றாலோ முடிவுகளை நிறுத்த வேண்டும். கணினித் திரை இல்லாத காலத்தில் கண்ணால் பார்த்தே படிக்க முடிந்ததால் உலகெங்கும் பரவியது. தகுதியான பரவல்தான்.

ஆனால் இந்த உத்திகள் எல்லாம், எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், திட்டவிலக்கம் சரியாக உள்ளிடப்பட்டது என்ற ஊகத்தின்மேல் கட்டப்பட்டவை. கட்டுப்பாட்டுப் பொருளோடு வரும் தாளில் தயாரிப்பாளர் அச்சிட்ட வீச்சையே வரம்பாக ஏற்றும் கூடங்கள் உண்டு. அந்த வீச்சு பல ஆய்வகங்கள், பல கருவிகள் தந்த முடிவுகளைச் சேர்த்தது. ஒரு தனிக் கூடத்தின் மாறுபாட்டைவிட வழக்கமாக அகலமானது. அதன்மேல் எத்தனை விதிகளை அடுக்கினாலும் மணி அடிக்காது. குறைவான எச்சரிக்கைகளைக் கண்டு மகிழும் கூடம், தன் முறை திடமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். விதிகளின் வல்லமையைப் பற்றி வெளியான அட்டவணைகள் எவையும் அந்தக் கூடத்துக்குப் பொருந்தா. பத்துப் புள்ளிகள் ஒரே பக்கம் நிற்கும் விதிக்கு மட்டும் திட்டவிலக்கம் தேவையில்லை. அதற்கும் சராசரி கூடத்தின் சொந்தச் சராசரியாக இருக்க வேண்டும்.

இருபது புள்ளிகளின் நம்பகம்

சொந்தத் தரவிலிருந்து திட்டவிலக்கத்தைக் கணக்கிட முடிவு செய்தபின் எத்தனை புள்ளிகள் வேண்டும்? இருபது என்பது பரவலான விடை. அது எவ்வளவு மெலிந்த அடித்தளம் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. இருபது புள்ளிகளிலிருந்து பெற்ற திட்டவிலக்கத்துக்கு 95 சதவீத நம்பக இடைவெளி, பெற்ற மதிப்பின் 0.76 மடங்கிலிருந்து 1.46 மடங்குவரை நீள்கிறது. துரதிர்ஷ்டவசமாக மேல் எல்லையில் உண்மை இருந்தால், மூன்று சிக்மா என்று போட்ட கோடு உண்மையில் இரண்டு சிக்மாவுக்கு அருகில் நிற்கும். கீழ் எல்லையில் இருந்தால் நான்கு சிக்மாவுக்கு அருகில். அதாவது இரண்டா மூன்றா என்று பல பத்தாண்டுகள் வாதிட்ட அத்தனை இடைவெளியும், முதல் இருபது நாள் தரவின் தற்செயலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த இருபது நாளில் வினைபொருளின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியிருக்காது, கருவிக்குப் பராமரிப்பு நடந்திருக்காது, பணியாளர் விடுப்பில் போயிருக்க மாட்டார். எண்ணிக்கை போதாமையோடு காலம் போதாமையும் சேர்ந்துகொள்கிறது.

தரவைச் சுத்தம் செய்யும் பழக்கம் இதைவிடக் கவலைக்குரியது. மாதக் கடைசியில் திட்டவிலக்கத்தைப் புதுப்பிக்கும்போது, இரண்டு சிக்மாவைத் தாண்டிய புள்ளிகளை எல்லாம் ‘தவறானவை’ என்று நீக்கிவிட்டுக் கணக்கிடுவது சில கூடங்களின் நடைமுறை. இயல்நிலைப் பரவலின் இரு வால்களையும் இப்படி வெட்டினால் மிஞ்சுவதன் திட்டவிலக்கம் உண்மையின் 0.88 மடங்குதான். அடுத்த மாத இரண்டு சிக்மாக் கோடு உண்மையில் 1.76 சிக்மாவில் நிற்கும். பொய் எச்சரிக்கை 4.6-இலிருந்து ஏறத்தாழ 8 சதவீதமாகும். அவற்றையும் நீக்கினால் அடுத்த மாதம் இன்னும் குறுகும். எந்தப் புள்ளிக்குக் காரணம் கண்டுபிடித்து எழுதப்பட்டதோ அதை மட்டும் விலக்கலாம். காரணம் தெரியாத புள்ளி, பார்வைக்கு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், கணக்கில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்று நினைக்கிறேன்.

நோக்கத்திலிருந்து வரும் வரம்பு

முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்த விடையும் இருக்கிறது. முறை என்ன செய்கிறது என்பதை விட்டு, முடிவைப் பயன்படுத்துபவருக்கு எவ்வளவு பிழை பொறுக்கும் என்பதிலிருந்து வரம்பைப் பெற வேண்டும் என்கிறது இது. 1963-இல் டோங்க்ஸ், ஆரோக்கியமானவர்களின் இயல்பு வீச்சில் கால்பங்கு, அதிகபட்சம் 10 சதவீதம் என்று அனுமதிக்கத்தக்க பிழையை முன்மொழிந்தார். ஒரே மனிதரிடம் நாளுக்கு நாள் இயற்கையாக வரும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் 1970-இல் காட்லவ், ஹாரிஸ், வில்லியம்ஸ் ஆகியோரின் ஆய்வால் வலுப்பெற்றது. அந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் பகுப்பாய்வு மாறுபாடு போகக் கூடாது என்பது அதிலிருந்து வளர்ந்த விதி. அமெரிக்காவின் 1988-ஆம் ஆண்டு ஆய்வகச் சட்டத்தின்கீழ் வந்த எல்லைகள் இந்த வரிசையில் அரசு வடிவம். குளுகோஸுக்கு அங்கே நெடுநாள் 10 சதவீதமாக இருந்த எல்லை, 2025 முதல் 8 ஆகியிருக்கிறது. உணவு, சுற்றுச்சூழல் பகுப்பாய்வில் வில்லியம் ஹார்விட்ஸ் 1980-இல் காட்டிய உறவு இதற்கு இணையான இடத்தைப் பிடித்தது. செறிவு நூறு மடங்கு குறைந்தால், ஆய்வகங்களுக்கிடையே வரும் ஒப்புத் திட்டவிலக்கம் இரு மடங்காகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு செறிவில் அது 16 சதவீதம். மிகக் குறைந்த செறிவில் இந்த உறவு தளர்வதைக் கண்ட தாம்சன், 2000-இல் அதன் எல்லையை 22 சதவீதத்தில் நிறுத்தித் திருத்தினார். பூச்சிக்கொல்லி எச்சங்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல், முறையைச் சரிபார்க்கும்போது சராசரி மீட்பு (சேர்த்த அளவில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 70-இலிருந்து 120 சதவீதத்துக்குள் இருக்கக் கோருகிறது. நார்டிக் நாடுகளின் கையேடான நார்டெஸ்ட் 569, தரவிலிருந்து வரும் புள்ளியியல் வரம்பு, நோக்கத்திலிருந்து வரும் இலக்கு வரம்பு என்று இரண்டையும் பெயரிட்டே பிரித்து வைத்திருக்கிறது.

இந்த நிலைப்பாட்டின் ஈர்ப்பு புரிகிறது. வரம்பு கூடத்தின் பழக்கத்துக்குக் கட்டுப்படாமல், பயனாளியின் தேவைக்குக் கட்டுப்படுகிறது. ஆனால் இதைத் தனியே நம்பினால் காது மந்தமாகிவிடும். 3 சதவீதத் திட்டவிலக்கத்தில் ஓடும் ஒரு மீட்புச் சோதனைக்கு 70–120 என்ற எல்லையை நாள்தோறும் கோடாக வைத்தால், 98-இலிருந்து 80-க்கு மீட்பு சரிந்தாலும் எதுவும் நடக்காது. முறைக்குள் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது; வடிகட்டும் பொருள் மாறியிருக்கலாம், நியமக் கரைசல் கெட்டிருக்கலாம். வரைபடமோ பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருக்கும். ஹார்விட்ஸ் மதிப்பைக் கோடாக வைப்பதிலும் இதே ஆபத்து. அது ஆய்வகங்களுக்கிடையே வரும் சிதறல், ஒரு கூடத்துக்குள் வருவது அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். நோக்கத்தின் வரம்பு, இந்த முறையை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு விடை. இன்று முறைக்கு ஏதாவது ஆயிற்றா என்ற கேள்விக்குப் புள்ளியியல் வரம்பு விடை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கப்படாமல் போகிறது.

மறுப்புகள்

நீண்டகாலத் திட்டவிலக்கத்தையே அடிப்படையாக வைக்க வேண்டும் என்ற என் நிலைப்பாட்டுக்கு இரண்டு கனமான மறுப்புகள் உண்டு. முதலாவது, அது ஒழுங்கற்ற கூடத்துக்குப் பரிசளிக்கிறது என்பது. தராசைப் பராமரிக்காத, கரைசல்களைத் தேதி தாண்டிப் பயன்படுத்தும் கூடத்தில் மாறுபாடு அதிகம், வரம்பும் அகலம், ஆகவே எச்சரிக்கையும் இல்லை. இது உண்மை. ஆனால் இதற்கு மருந்து குறுகியகாலத் திட்டவிலக்கம் அல்ல. அது நல்ல கூடத்தையும் தண்டிக்கும். மருந்து, நோக்கத்திலிருந்து வரும் எல்லையை நீண்டகாலத் திட்டவிலக்கத்துக்கு ஓர் உச்சவரம்பாக வைப்பது. உச்சவரம்பைத் தாண்டும் கூடம் கோட்டை நகர்த்தக் கூடாது, முறையை மாற்ற வேண்டும்.

இரண்டாவது மறுப்பு ஷூஹார்டின் வழிவந்தவர்களுடையது; இன்னும் ஆழமானது. நாளுக்கு நாள் வரும் மாறுபாட்டுக்கு அளவுத்திருத்தம், வெப்பநிலை, பணியாளர் எனக் குறிப்பிட்ட காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடி நீக்க வேண்டிய இடத்தில், இயல்பானவை என்று வரம்புக்குள் சேர்ப்பது கட்டுப்பாட்டின் நோக்கத்தையே கைவிடுவதல்லவா? ஓரளவுக்கு இந்த வாதம் என்னை அசைக்கிறது. நாள் மாறுபாடு ஓட்டத்துக்குள் உள்ள மாறுபாட்டைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் இடத்தில், அதை வரம்புக்குள் சேர்ப்பதற்கு முன் ஏன் என்று கேட்டாக வேண்டும். ஆயினும் தினமும் புதிதாக அளவுத்திருத்தம் செய்யும் முறையில், அந்தத் திருத்தத்தின் தற்செயல் பிழை அன்றைய முடிவுகள் அனைத்திலும் ஏறுவது முறையின் அமைப்பிலேயே உள்ளது. அது மறைய வேண்டுமானால் முறையையே மாற்றியமைக்க வேண்டும்; காலையில் புள்ளி தாண்டியதைக் கண்டு பணியாளர் தேடிப் பிடிக்கக்கூடிய பொருள் அல்ல அது. நாள்தோறும் அவரைத் தேட அனுப்பினால், ஷூஹார்ட் தவிர்க்க விரும்பிய அதே வீண்செலவுதான் மிஞ்சும்.

இன்னும் முடிவு காணாதவை

சில கேள்விகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இன்னும் இல்லை. ஒரே ஓட்டத்தில் முந்நூறு பூச்சிக்கொல்லிகளை அளக்கும் இன்றைய கருவிகள் முன்பு எழாத சிக்கலை எழுப்புகின்றன. அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், மூன்று சிக்மாக் கோட்டிலேயே பாதிக்கும் மேற்பட்ட ஓட்டங்களில் ஏதாவது ஒன்று காரணமின்றித் தாண்டும். இரண்டு சிக்மாவில் ஓர் ஓட்டத்துக்குப் பதினான்கு தாண்டும். உண்மையில் அவை சார்ந்தவை. ஊசியேற்றும் அளவு சற்றுக் குறைந்தால் எல்லாமே சேர்ந்து சரியும். பல மாறிகளைச் சேர்த்துப் பார்க்கும் முறையை ஹோட்டலிங் 1947-இலேயே தந்திருந்தாலும், முந்நூறு மாறிகளின் இணைவை நம்பகமாக மதிப்பிடும் அளவுக்கு எந்த வழக்கமான கூடத்திலும் ஓட்டங்கள் சேர்வதில்லை. கண்டறியும் எல்லைக்கு அருகே, பூஜ்யத்தில் முட்டி நிற்கும் முடிவுகளுக்குச் சமச்சீரான கோடு பொருந்துமா என்பதும் தீரவில்லை. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மட்டுமே ஒரு சோதனையைச் செய்யும் சிறு கூடம் தன் திட்டவிலக்கத்தை எங்கிருந்து பெறும்? ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு, போக்குகள் தெரியும்படி முடிவுகளைக் கண்காணிக்கச் சொல்கிறது; பெருக்கெண்ணையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் கூடத்திடமே விட்டுவிடுகிறது.

கட்டுப்பாட்டுப் பொருளே நோயாளியின் ரத்தத்தைப் போல நடந்துகொள்ளுமா என்ற ஐயமும் தனியே நிற்கிறது. உலர்த்திப் பதப்படுத்திய சீரம், வினைபொருள் லாட் மாறும்போது நகரும். நோயாளி மாதிரிகள் நகராமல் இருக்கலாம், அல்லது நேர்மாறாகவும் நடக்கலாம். எந்தக் கோடும் இதைத் தன்னுள்ளிருந்து கண்டுபிடிக்காது. அதற்கு வெளியிலிருந்து ஒப்பீடு வேண்டும்; இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திவரும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. அங்கும் அனுப்பப்படுவது பதப்படுத்திய பொருளாக இருக்கும்வரை ஐயம் குறையுமே தவிர முழுதும் நீங்காது.

அண்மைக் காலத்தில் கேள்வியே திசை மாறத் தொடங்கியிருக்கிறது. கர்டிஸ் பார்வின் 2008-இல் முன்வைத்த அணுகுமுறை, ஒரு விதி எத்தனை பொய் எச்சரிக்கை தருகிறது என்பதோடு நிற்காமல், முறை கெட்ட கணத்திலிருந்து பிடிபடும்வரை எத்தனை தவறான முடிவுகள் நோயாளிகளைச் சென்றடையும் என்று கணக்கிடுகிறது. 2016-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வகத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தப் பக்கம் சாய்ந்தது. இதன்படி, கோடு எங்கே என்பதோடு கண்ட்ரோல் எத்தனை மாதிரிகளுக்கு ஒருமுறை ஓட்டப்படுகிறது என்பதும் சம எடை பெறுகிறது. நாளுக்கு இருபது மாதிரி பார்க்கும் கூடத்துக்கும் இரண்டாயிரம் பார்க்கும் கூடத்துக்கும் ஒரே விதி போதாது என்பது இதிலிருந்து உடனே பின்தொடர்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்கும் உள்ளீடாகத் தேவைப்படுவது கூடத்தின் நீண்டகாலத் திட்டவிலக்கமே. அதை எத்தனை மாதத் தரவிலிருந்து, லாட் மாற்றங்களை எப்படிக் கையாண்டு பெறுவது என்பதற்குப் புதிய அணுகுமுறையிலும் ஒருமித்த விதி உருவாகவில்லை.